தூர் வாரினது போதும், கொஞ்சம் கரையையும் பாருங்க சாமி!

மழைக்காலம் வந்தா நம்ம பதிவர்கள் கிட்ட இருந்து ரெண்டு வகைப் பதிவு தவறாம வரும். ஒண்ணு, "சோழன் வெட்டிய ஏரி, பாண்டியன் கட்டிய கண்மாய், வெள்ளைக்காரனே அசந்து போனான்" வகையறா. இன்னொண்ணு, "ஏரிகளைத் தூர் வாருங்கள், வெள்ளமும் வராது, வறட்சியும் வராது" வகையறா. படிச்சுப் படிச்சுக் கண்ணு பூத்துப் போச்சு. ரெண்டுலயும் ஒரு கேள்வி மட்டும் இருக்கவே இருக்காது. அந்த ஏரிக்கரை ராத்திரி ரெண்டு மணிக்கு உடைப்பெடுத்தா, கரைக்குக் கீழே படுத்துத் தூங்கிட்டு இருக்கிறவன் கதி என்ன?

இந்தப் பதிவு அதைப் பத்தித்தான். கொஞ்சம் கணக்கு வரும், பயப்படாதீங்க. நாலு வருஷம் சிவில் படிச்சுட்டுப் பொட்டி தட்டப் போனவன் நான். படிச்சது எங்கயாவது உதவட்டுமே :-)

தமிழ்நாட்டுல 39,000-க்கும் மேல ஏரிகள் இருக்குன்னு அரசாங்கமே சொல்லுது. வடக்கே ஏரி, மதுரை, சிவகங்கை, ராமநாதபுரம் பக்கம் கண்மாய், நெல்லைச் சீமையில குளம். பேருதான் வேற, சாமான் ஒண்ணுதான். ஓடி வர்ற தண்ணியைக் குறுக்கே மறிச்சு நிக்கிற மண் கரை. அதாவது மண் அணை. "அணை"ன்னதும் நமக்கு மேட்டூரும் வைகையும்தான் ஞாபகத்துக்கு வரும். ஆனா ஊருக்கு வெளியே ரெண்டு ஆள், மூணு ஆள் உயரத்துல நிக்குதே, நாம மேல சைக்கிள் ஓட்டிட்டுப் போற அந்தக் கரை, அதுவும் அணைதான். பாசனத்துக்குக் கட்டினதுன்னாலும், அது பார்க்கிற இன்னொரு வேலை வெள்ளத்தைத் தடுக்கிறது. மேல் குளம் நிரம்பி மறுகால் பாய்ஞ்சா கீழ்க் குளத்துக்குப் போகும், அது நிரம்பினா அதுக்கும் கீழே. இப்படிச் சங்கிலி போட்டுத்தான் ஒரே நாள்ல கொட்டுற மழையை நாலு நாளா இழுத்து விட்டுக்கிட்டு இருந்தோம்.

சங்கிலியில ஒரு வில்லங்கம் இருக்கு. எல்லாக் கண்ணியும் பிடிச்சிருக்கிற வரைக்கும்தான் அது சங்கிலி. மேல் குளம் உடைஞ்சா, அந்தத் தண்ணி மொத்தமும் ஒரே மூச்சுல கீழ்க் குளத்து மேல விழும். ஏற்கெனவே தளும்பிக்கிட்டு இருக்கிற குளம் என்ன பண்ணும்? அதுவும் உடையும். அப்புறம் அதுக்குக் கீழே இருக்கிறது. ஒரு சர்வர் விழுந்து, அதோட பாரம் அடுத்ததுல ஏறி, அதுவும் விழுந்து, வரிசையாப் படுத்துக்கிறதைப் பார்த்த நம்ம ஆளுங்களுக்கு இது நல்லாவே புரியும். என்ன, அங்க மேனேஜர் கத்துவாரு. இங்க ஆளே போயிடும்.

2023 டிசம்பர் 17, 18-ஐ யாரும் மறந்திருக்க மாட்டீங்க. காயல்பட்டினத்துல 24 மணி நேரத்துல 95 செ.மீ. அளவுக்குக் கொட்டித் தீர்த்துச்சு. ஸ்ரீவைகுண்டத்துல திருச்செந்தூர் ரயிலோட 800 பேர் போலச் சிக்கிக்கிட்டாங்க, ஹெலிகாப்டர் வந்துச்சு, தொலைக்காட்சியில நாள் முழுக்க அதே படம். அதே மழையில தூத்துக்குடி மாவட்டத்துல குளம் குளமா உடைஞ்சதே, கோரம்பள்ளம் குளம் உடைஞ்சு தூத்துக்குடிக்குள்ள தண்ணி வந்துச்சே, அது ரெண்டு நாள் செய்தி. "வரலாறு காணாத மழை, யாரு என்ன பண்ண முடியும்?"னு ஒரு வரியில முடிச்சுட்டாங்க. நிறையப் பண்ணியிருக்க முடியும். அதைச் சொல்லத்தான் இவ்வளவு நீட்டி முழக்குறேன்.

யாரு எதை அளக்கிறாங்க?

2021-ல அணைப் பாதுகாப்புச் சட்டம்னு ஒண்ணு வந்துச்சு. டெல்லியில நிறைவேறி அந்த வருஷம் டிசம்பர் 30-ல இருந்து அமலுக்கு வந்தது. வருஷா வருஷம் மழைக்கு முன்னாடியும் பின்னாடியும் பரிசோதனை, அவசர காலத் திட்டம், இது எல்லாம் அதுல இருக்கு. நல்ல சட்டம்தான். ஆனா எந்த அணைக்குப் பொருந்தும்? உயரம் 15 மீட்டருக்கு மேல இருக்கணும். இல்லைன்னா 10-ல இருந்து 15 மீட்டருக்குள்ள இருந்து, கூடவே நீளம் 500 மீட்டராவது இருக்கணும், அல்லது 10 லட்சம் கன மீட்டராவது தண்ணி பிடிக்கணும், இப்படிச் சில நிபந்தனைகள்ல ஒண்ணு பொருந்தணும். 10 மீட்டருக்குக் கீழேயா? அப்ப அது எவ்வளவு தண்ணி பிடிச்சாலும் இந்தச் சட்டத்தோட கண்ணுக்கு அணையே இல்லை.

நம்ம ஊர்க்குளம் ஒண்ணை எடுத்துக்குவோம். 100 ஹெக்டேர் பரப்பு, சராசரியா 2 மீட்டர் ஆழம். 20 லட்சம் கன மீட்டர் தண்ணி. அதாவது 20 லட்சம் டன் எடை, ஒரு மண் கரைக்குப் பின்னாடி. கரை உயரம் 5 மீட்டர். சட்டத்துக்கு வெளியே. ஜாலிதான்.

சரி, மாநிலத்துல? இங்க வேற அளவுகோல். ஆயக்கட்டு 40 ஹெக்டேருக்கு மேல இருந்தா நீர்வளத்துறை (முந்தைய பொதுப்பணித்துறை), அதுக்குக் கீழே இருந்தா ஊராட்சி ஒன்றியம். 39,000-ல துறை கையில இருக்கிறது சுமார் 14,000. மிச்சத்துல பெரும்பகுதி ஒன்றியத்துக்கிட்ட. ஒன்றிய அலுவலகத்துல இருக்கிற ஒண்ணு ரெண்டு பொறியாளர் தலையில ரோடு, பள்ளிக்கூடக் கட்டடம், தண்ணித் தொட்டி, வீடு கட்டும் திட்டம்னு ஏற்கெனவே ஏகப்பட்ட ஆணி. இதுல குளத்துக்கரையை அவர் எப்பப் போய்ப் பார்ப்பாரு?

ஆக, டெல்லி உயரத்தை அளக்குது. சென்னை ஆயக்கட்டை அளக்குது. கரைக்குக் கீழே எத்தனை வீடு, எத்தனை உயிர்னு எண்ணினவன் எவனும் இல்லை. என் மொத்தச் சண்டையும் இந்த ஒரு வரிதான்.

மத்த ஊர்ல எப்படின்னு பார்க்கலாம். அமெரிக்காவுல ஜார்ஜியா மாநிலம், டக்கோவா. கெல்லி பார்ன்ஸ்னு ஒரு மண் அணை. உயரம் சுமார் 12 மீட்டர், நீளம் சுமார் 120 மீட்டர், அன்னிக்கு இருந்த தண்ணி ஏழெட்டு லட்சம் கன மீட்டர். 1977 நவம்பர் 6 விடியக்காலை உடைஞ்சுச்சு. கீழே ஒரு கல்லூரி. 39 பேர் செத்தாங்க. அப்ப ஜனாதிபதி கார்ட்டர், அதே ஜார்ஜியாக்காரர். ஆபத்தான இடத்துல இருக்கிற அணைகளை எல்லாம் உடனே போய்ப் பாருங்கன்னு உத்தரவு போட்டாரு. இப்ப அந்த அளவுகளை நம்ம 2021 சட்டத்துல போட்டுப் பாருங்க. நீளம் பத்தலை, கொள்ளளவும் பத்தலை. 39 பேரைக் கொன்ன அணை, உயரம் நீளம் கொள்ளளவுங்கிற கணக்குல நம்ம சட்டத்துக்குள்ள வராது!

அங்க தேசிய அணைப் பட்டியல்ல ஓர் அணையைச் சேர்க்கிறதுக்கு விதி என்ன தெரியுமா? 6 அடிக்கு மேல உயரம் இருந்து, கிட்டத்தட்ட 62,000 கன மீட்டர் தண்ணி பிடிச்சாப் போதும், பட்டியல்ல ஏறிடும். நான் மேலே சொன்ன ஊர்க்குளம் அதைப்போல 30 மடங்கு. அதைவிட முக்கியம், உடைஞ்சா ஆள் சாவாங்கன்னா, உயரம் எதுவா இருந்தாலும் அது பட்டியல்ல வரும். "அதிக ஆபத்து"ன்னு முத்திரை குத்துவாங்க. அந்த முத்திரைக்கு அர்த்தம் அணை பலவீனமா இருக்குன்னு இல்லை, கீழே ஆள் இருக்காங்கன்னு. எண்ண வேண்டியதை எண்ணியிருக்கான். நமக்கு என்ன கேடு?

"ராஜா கட்டினது உடையாது"

சொல்லாதீங்க. தயவுசெஞ்சு சொல்லாதீங்க. இலங்கையில திருகோணமலைப் பக்கம் கந்தளாய்க் குளம். ஆயிரம் வருஷத்துக்கும் மேல பழைய குளம். 1986 ஏப்ரல் 20 அதிகாலை உடைஞ்சு நூத்துக்கும் மேல மக்கள் செத்தாங்க. கட்டின ராஜா மேல தப்பு இல்லை. ஆயிரம் வருஷம் நின்ன கரைன்னா, ஆயிரம் வருஷமா யாரோ அதைப் பார்த்துக்கிட்டு இருந்தாங்கன்னு அர்த்தம். இனிமே பார்க்க வேண்டியதில்லைன்னு அர்த்தம் இல்லை. மண் கரை கருங்கல் கோபுரம் மாதிரி இல்லைங்க. அது வீட்டுக் கூரை மாதிரி. வருஷா வருஷம் கை வைக்கணும்.

அந்தக் கை வச்ச ஆள் யாரு? நீர்கட்டி, நீராணிக்காரர், தெற்கே மடைக்குடும்பன். மடையைத் திறந்து மூடுறது, ராத்திரி மழையில கரை மேல நடந்து ஊத்து பார்க்கிறது, எலி வளையை அடைக்கிறது எல்லாம் அவங்கதான். நிறைய ஊர்ல தலித் குடும்பங்கள். கூலி, அறுவடையில கொஞ்சம் நெல்லு. சோழனுக்குச் சிலை வைப்போம், பதிவு போடுவோம். நடு ராத்திரி கழுத்தளவு தண்ணியில முங்கி மடையைத் திறந்தவனுக்கு மட்டும் பட்டியல்ல இடம் கிடையாது. அவங்க பிள்ளைங்க நியாயமாவே வேற வேலைக்குப் போயிட்டாங்க. அந்த இடத்துக்கு அரசாங்கம் சம்பளம் குடுத்து வேற ஆள் போட்டுச்சான்னா, பெரும்பாலான ஊர்ல இல்லை. கரை அநாதை.

"தூர் வாரினா எல்லாம் சரியாப் போயிடும்"

இது இன்னும் பெரிய கூத்து. தூர் வாரக் கூடாதுன்னு நான் சொல்லலை. குடிக்கத் தண்ணி, நிலத்தடி நீர், எல்லாத்துக்கும் நல்லது. ஆனா வெள்ளத்துக்கும் கரைப் பாதுகாப்புக்கும் அது மருந்து இல்லை. கணக்குப் போடுவோம்.

அதே 100 ஹெக்டேர் குளம். முழுசா ஓர் அடி ஆழம் தூர் வாரிட்டோம்னு வைங்க (எந்த ஊர்லயும் முழுசா வார்றதில்லை, அது வேற கதை). கிடைக்கிற கூடுதல் இடம் 3 லட்சம் கன மீட்டர். இப்ப அந்தக் குளத்துக்கு 10 சதுர கிலோமீட்டர் நீர்ப்பிடிப்புன்னு வைப்போம். காயல்பட்டினம் மழை, 95 செ.மீ., அது மேல விழுது. மண் குடிச்சது, குட்டையில நின்னது எல்லாம் போக நூத்துக்கு எழுபது ஓடி வருதுன்னா, ஒரு நாள்ல 66 லட்சம் கன மீட்டர். விநாடிக்குச் சராசரியா 77 கன மீட்டர். நீங்க தூர் வாரின இடம் நிரம்ப எவ்வளவு நேரம் ஆகும்? ஒரு மணி அஞ்சு நிமிஷம். அவ்வளவுதான் சாமி. அதுவும் அன்னிக்குக் காலையில அந்தப் பள்ளம் காலியா இருந்தாத்தான். டிசம்பர்ல எந்தக் குளத்துப் பள்ளம் காலியா இருக்கும்? அக்டோபர் மழையிலயே நிரம்பிப் போயிருக்கும். ஆக அந்த ஒரு மணி நேரமும் கிடையாது.

இன்னொரு கொடுமை. தூர் வார்றோம்னு சொல்லி ஜேசிபியைக் கொண்டுபோய்க் கரைக்குப் பக்கத்துலயே பள்ளம் தோண்டுவாங்க. அங்கதான் லாரி சுலபமாப் போகும். கரையோட உள்பக்க அடிவாரத்துல இருக்கிற மண்ணு சும்மா கிடக்கிற மண்ணு இல்லைங்க. அது கரைக்கு முட்டு. அங்க வருஷக்கணக்காப் படிஞ்ச வண்டல், தண்ணி கீழே இறங்காமத் தடுக்கிற பாய். அதைச் சுரண்டி எடுத்தா கரை சரியவும் செய்யும், தண்ணி கரைக்கு அடியில புகுந்து வெளிப்பக்கம் போற தூரமும் குறையும். கரையை விட்டுத் தள்ளித்தான் மண் எடுக்கணும்னு இதனாலதான் சொல்றது. சவுடு மண்ணு விலை போற ஊர்ல அதை யாரு கேட்கிறா?

2017-ல குடிமராமத்து திரும்ப வந்துச்சு. காகிதத்துல கரை, மடை, கலிங்கு எல்லாம் உண்டு. ஆனா திறப்பு விழா போட்டோவுல வர்றது ஜேசிபியும் தோண்டின பள்ளமும்தான். கலிங்குக்கு முன்னாடி நின்னு போட்டோ எடுத்த ஒரு எம்.எல்.ஏ.வைக் காட்டுங்க, இந்தப் பதிவைத் தூக்கிடுறேன் :-)

கலிங்கு, கலிங்கு, கலிங்கு

மண் அணை எப்படி உடையும்? உலகம் முழுக்க உடைஞ்ச பெரிய மண் அணைகளை ஆராய்ஞ்சவங்க சொல்றது இதுதான்: ஏறக்குறைய பாதி, வெள்ளம் கரை மேல வழிஞ்சு உடைஞ்சது. ஏறக்குறைய இன்னொரு பாதி, உள்ளுக்குள்ள அரிச்சு உடைஞ்சது. மிச்சம் கொஞ்சம்தான் சரிவு, நிலநடுக்கம் இத்யாதி.

முதல் பாதியைப் பார்ப்போம். மண் கரை மேல தண்ணி வழியவே கூடாது. வழிஞ்சா வெளிச்சரிவு மண்ணை அறுத்துக்கிட்டே மேலே ஏறி, கரையையே வெட்டிப் போட்டுடும். அதைத் தடுக்கத்தான் கலிங்கு. நிரம்பினதுக்கு மேல வர்ற தண்ணி அது வழியா ஒழுங்கா வெளியே போகணும். அப்ப கலிங்கோட அகலம்தான் கரையோட ஆயுள்.

நம்ம கலிங்குகளுக்கு அகலம் எப்படிக் கணக்குப் பண்ணினாங்க? மதராஸ் மாகாணத்துல வெள்ளைக்காரன் காலத்துல ஒரு சூத்திரம் வந்துச்சு. ரைவ்ஸ் சூத்திரம், 1884. நீர்ப்பிடிப்புப் பரப்போட மூணுல ரெண்டு அடுக்கை எடுத்து ஒரு எண்ணால பெருக்கினா வெள்ளத்தோட அளவு வரும். கடலோரத்துல இருந்து 80 கி.மீ.க்குள்ளன்னா அந்த எண் 6.8. நம்ம 10 சதுர கிலோமீட்டருக்குப் போட்டா விநாடிக்கு 32 கன மீட்டர் வருது. நான் படிக்கும்போதும் இதுதான் பாடம், பரீட்சைக்கும் இதுதான் கேள்வி. இந்தச் சூத்திரத்துல மழை எங்க இருக்குன்னு தேடிப் பாருங்க. கிடையாது! பரப்பும் ஒரு எண்ணும் மட்டும்தான். 10 செ.மீ. பெய்ஞ்சாலும் 95 செ.மீ. பெய்ஞ்சாலும் அதே 32.

மேலே போட்ட கணக்குல வந்தது 77. அதுவும் 24 மணி நேரச் சராசரி. உச்சம் இன்னும் எகிறும். "95 செ.மீ. ஒரே ஓர் இடத்துலதான்யா பெய்ஞ்சுச்சு"ன்னு கேட்பீங்க. நியாயம். பாதியாக் குறைச்சுக்குவோம். அப்பவும் சராசரியே 38. கலிங்கு தாங்கறது 32. கரை மேல வழியுறதுக்கு வேற என்ன வேணும்? 2024 டிசம்பர் 1-ல ஊத்தங்கரையில 50 செ.மீ. பெய்ஞ்சு, ரோட்டுல நின்ன வண்டியெல்லாம் அடிச்சுக்கிட்டுப் போச்சே, அந்தப் படத்தைப் பார்த்திருப்பீங்க. அந்தப் பாதிக் கணக்கும் கற்பனை இல்லைன்னு அதுலயே தெரியுது.

இன்னும் ஒண்ணு இருக்கு. சங்கிலிக் குளத்துக்குக் கலிங்கு கணக்குப் போடும்போது, மேல இருக்கிற குளங்கள் கொஞ்சத் தண்ணியைப் பிடிச்சு வச்சுக்கும்னு சொல்லி வெள்ளத்துல ஒரு பங்கைக் கழிச்சுடுவாங்க. பாடப் புத்தகத்துலயே அப்படித்தான். அதாவது உங்க ஊர்க் கலிங்கோட அகலம், மேல் ஊர்க் குளம் உடையாதுங்கிற நம்பிக்கையில போட்டது. மேல் ஊர்க் குளத்தை யாரு பார்க்கிறா? ஒன்றியம். மேல சொன்ன அதே ஒண்ணு ரெண்டு பொறியாளர்.

இதுக்கு மேல நம்ம ஆளுங்க கைவேலை. பழைய கலிங்கு மேல வரிசையாக் கல்லு நட்டு வச்சிருப்பாங்க, பார்த்திருப்பீங்க. மழைக்காலம் முடியுற சமயத்துல அந்தக் கல்லுக்கு நடுவுல பலகையோ மண்ணோ வச்சு அடைச்சுக் கொஞ்சம் கூடுதலாத் தண்ணி நிறுத்துறதுக்கு. இப்ப அக்டோபர்லயே மணல் மூட்டையை அடுக்கிடுறாங்க. சில ஊர்ல ஒரேயடியாக் காங்கிரீட் போட்டு ஒரு அடி ஒசத்திட்டாங்க. "கூடுதல் தண்ணி தேக்கினோம்"னு பெருமை வேற. கலிங்கை ஓர் அடி ஒசத்தினா, கரை ஓர் அடி தாழ்ந்துபோச்சுன்னு அர்த்தம். தாண்டிப் போனா மறுகால் ஓடையில யாராவது வீடு கட்டியிருப்பாரு. ஏரிகளை ஆக்கிரமிப்புல இருந்து காப்பாத்த 2007-ல போட்ட சட்டமும் பொதுப்பணித்துறை ஏரிக்குத்தான். ஒன்றியக் குளத்துக்கு அந்தக் கொடுப்பினையும் இல்லை.

நண்டு கதை

இப்ப ரெண்டாவது பாதி, உள் அரிப்பு. 2019 ஜூலை 2 ராத்திரி, மகாராஷ்டிராவுல ரத்னகிரி மாவட்டம், திவரே மண் அணை உடைஞ்சு சுமார் இருபது பேர் போனாங்க. கசியுதுன்னு ஊர்க்காரங்க முன்னாடியே சொல்லியிருந்தாங்க. அப்ப இருந்த அமைச்சர் காரணம் சொன்னாரு பாருங்க: நண்டு. நண்டு ஓட்டை போட்டதால அணை உடைஞ்சுச்சாம். ஊரே சிரிச்சுது.

எனக்குச் சிரிப்பு வரலை. ஏன்னா நண்டு ஓட்டை போடத்தான் செய்யும். எலியும் போடும். சீமைக் கருவேலம் கரை மேல வளர்ந்து, அதை வெட்டினதும் வேர் மக்கி, அந்த இடத்துல குழாய் மாதிரி ஒரு வழி உண்டாகும். மடையோட கட்டடமும் மண்ணும் சேர்ற இடத்துல இடுக்கு விடும். மண் கரையில தண்ணி அரிக்க ஆரம்பிக்கிற முக்கியமான இடமே அந்த மடைதான். முதல்ல வெளிப்பக்கம் ஈரம், அப்புறம் ஊத்து. தெளிஞ்ச தண்ணி வந்தாக் கவனிக்கணும். கலங்கலா வந்தா ஓடணும், ஏன்னா அது கரையோட மண்ணைத் தூக்கிட்டு வருது. ஊத்து மேல களிமண்ணை அமுக்கி அடைக்கக் கூடாது. அடைச்சா வேற இடத்துல பிச்சுக்கும். முதல்ல மணல், அதுக்கு மேல ஜல்லின்னு போட்டா தண்ணி வெளியே போகும், மண்ணு நிக்கும். இதெல்லாம் ராக்கெட் விஞ்ஞானம் இல்லை. பழைய நீர்கட்டிக்குத் தெரிஞ்ச சங்கதி. ஆள் இருந்தாத்தானே செய்வான்? நண்டு வளை தோண்டும். அதைப் பார்த்து அடைக்கிறதுக்குத்தான் ஐயா அமைச்சர், துறை, சம்பளம் எல்லாம். நண்டைக் குத்தவாளியாக்கினா, அதுக்குக் கொட்டிக் குடுத்த வரிப்பணத்துக்கு யாரு கணக்கு?

கரைக்குக் கீழே நகர்

நாப்பது வருஷத்துக்கு முன்னாடி கரை உடைஞ்சா வயல் போகும். பயிர் போகும், ஆடு மாடு போகும். இன்னிக்கு அதே கரைக்குக் கீழே போய்ப் பாருங்க. வயலெல்லாம் பிளாட்டு. ஏதோ ஒரு சாமி பேர்ல நகர். பள்ளிக்கூடம், கல்யாண மண்டபம், பெட்ரோல் பங்க். கரை அதேதான், உயரம் அதேதான், ஆபத்து மட்டும் பத்து மடங்கு. ஆயக்கட்டு குறையக் குறைய விவசாயி கரையைப் பார்க்கிறதை விடுறான். கீழே குடி வந்தவருக்கு அது "லேக் வியூ". ஆக, பார்க்கிற கண்ணு குறைஞ்சுகிட்டே வருது, சாகக் கூடிய ஆள் கூடிக்கிட்டே வருது. பாசனத்துக்குத் தண்ணி எடுக்க ஆள் இல்லாததால மடையைத் திறக்கிறதும் இல்லை. குளம் தளும்பத் தளும்ப நின்னு அடுத்த மழையை வரவேற்கும். உள்வாயில வீடு கட்டினவங்க வீட்டுக்குள்ள தண்ணி வந்தா, ராத்திரியோட ராத்திரியாக் கரையை வெட்டி விடுறதும் நடக்குது.

அமெரிக்காவுலயும் இதே கூத்து நடந்துச்சு. 1948-ல இருந்து ஆரம்பிச்சு, கிராமப்புறத்துல வெள்ளத் தடுப்புக்குன்னே கிட்டத்தட்ட 12,000 சின்ன மண் அணைகளை அவங்க விவசாயத் துறை உதவியோட கட்டினாங்க. நிறைய அணைக்கு ஆயுள் கணக்கு 50 வருஷம். வயலைக் காப்பாத்தக் கட்டினது, பின்னால கீழே வீடுகள் முளைச்சதும் ஆபத்து முத்திரை மாறிப் போச்சு. அணையைத் தொடவே இல்லை, ஆனா "குறைந்த ஆபத்து" வரிசையில இருந்தது "அதிக ஆபத்து" ஆயிடுச்சு. 2000-ல அதுக்குன்னே தனியாச் சீரமைப்புச் சட்டம் போட்டாங்க. அவங்களும் எல்லாத்தையும் சரி பண்ணிடலை. ஆனா எது எது ஆபத்துன்னு எழுதியாவது வச்சிருக்காங்க.

"காசு இல்லையேப்பா"

39,000 கரையையும் உடனே இடிச்சுக் கட்டச் சொல்லலை. முதல் வேலைக்குக் காசே பெருசா வேணாம். எண்ணணும், அவ்வளவுதான். எல்லா ஊருக்கும் செயற்கைக்கோள் படம் இருக்கு, உயர வரைபடம் இருக்கு. கரை உடைஞ்சா தண்ணி போற வழியில எத்தனை வீடுன்னு பார்த்து மூணு வரிசையாப் பிரிங்க. 39,000-ல உயிர் வாங்கக் கூடியது ஒரு பங்குதான் இருக்கும். அதுக்கு முதல்ல செலவு பண்ணுங்க. அந்தக் குளங்களோட கலிங்கை இன்னிக்குப் பெய்யிற மழையை வச்சுத் திரும்பக் கணக்குப் போடுங்க. பத்தலைன்னா வீடு இல்லாத பக்கமாத் தாழ்வா ஒரு அவசர வழி விடுங்க. செப்டம்பர்ல ஒரு தடவை, ஜனவரியில ஒரு தடவை கரையை நடந்து பார்த்து, பார்த்ததைக் கிராம சபையில படிங்க. அக்டோபர்ல இருந்து டிசம்பர் வரைக்குமாவது குளத்துக்கு ஒரு ஆள், ஒழுங்கான சம்பளத்தோட. மேல் குளத்து ஆளுக்குக் கீழ்க் குளத்து ஆளோட போன் நம்பர் தெரிஞ்சிருக்கணும். இதுல எது நிலாவுக்குப் போற வேலை?

சட்டத்துக்கும் திருத்தம் வேணும். 10 மீட்டருங்கிற கோட்டை அழிச்சுட்டு, "உடைஞ்சா ஆள் சாவாங்களா?"ங்கிற கேள்வியை வைங்க. டெல்லி பண்ணலைன்னா சென்னை தனிச் சட்டம் போடட்டும். ஏரி மாநில விஷயம்தானே?

நமக்கும் வேலை இருக்கு. பொங்கலுக்கு ஊருக்குப் போவீங்க இல்ல, கரை மேல நின்னு தண்ணியோட செல்ஃபி எடுத்துட்டுத் திரும்பிடாதீங்க. வெளிப்பக்கமா இறங்கி அடிவாரத்துல நடங்க. எங்கயாவது ஈரமா, சொதசொதன்னு இருக்கா? வெயில் காலத்துலயும் புல்லு பச்சையா நிக்கிற ஓர் இடம் தனியாத் தெரியுதா? மடைக்குப் பக்கத்துல மண்ணு உள்வாங்கியிருக்கா? டிராக்டர் ஏறி ஏறிக் கரை எங்கயாவது தாழ்ந்து கிடக்கா? வெள்ளம் முதல்ல அங்கதான் வழியும். கலிங்கு மேல மூட்டை இருக்கா, மறுகால் ஓடை எங்க போய் முட்டுது? அரை மணி நேர வேலை. போட்டோ எடுங்க, கலெக்டர் ஆபீஸ் மனு நாள்ல ஒரு மனுவாக் குடுங்க, ரசீது வாங்குங்க. பதிவுலயும் போடுங்க. நூறு ஊர் சேர்ந்தா, அரசாங்கம் போடாத பட்டியலை நாமளே ஆரம்பிச்சு வச்ச மாதிரி ஆகும்.

அப்புறம், அடுத்த தடவை யாராவது "எங்க ஊர் ஏரியைத் தூர் வாரிட்டோம்"னு படம் போட்டா, வாழ்த்துச் சொல்லுங்க, வேணாம்னு சொல்லலை. வாழ்த்திட்டு ரெண்டே ரெண்டு கேள்வி கேளுங்க. கலிங்கோட அகலம் எவ்வளவு? கரைக்குக் கீழே எத்தனை வீடு?

பதில் தெரியலைன்னா, வேலை இன்னும் ஆரம்பிக்கலைன்னு அர்த்தம்.